நாரை ஓடு வைக்காத எட்டு நாட்கள்

கோரைக்குளத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை வாழ்ந்தது. அதன் அலகின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நத்தையை இறுக்கிப் பிடித்து, சதையை உருவித் தின்றுவிட்டு, ஓட்டைத் துப்பிவிடும். ஆனால் ஒரு நாளைக்கு ஓர் ஓட்டை மட்டும் துப்பாது. அதைக் கவ்விக்கொண்டு போய்க் கரைமேல் இருந்த தட்டைப் பாறையில் வைக்கும். அதுதான் அந்தக் காட்டின் நாட்கணக்கு.

எந்த விலங்கு சினையானாலும் முதலில் நாரையிடம் வந்து சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அதற்கென்று பாறையில் நாளுக்கு இன்னோர் ஓடு என்று ஒரு தனி வரிசை தொடங்கும். முயலுக்கு ஒரு கணக்கு, கீரிக்கு ஒரு கணக்கு. நாய்க்கு அறுபத்து மூன்று.

எதற்கு இந்த ஏற்பாடு? குளத்துக்கு மேலே ஒரு முள்ளம்பன்றியின் வளை இருந்தது. மழை புகாத, ஆழமான வளை. குட்டி ஈனுவதற்கு அதைவிட நல்ல இடம் காட்டில் கிடையாது. வளையின் வாயில் முள்ளம்பன்றி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டால், நரி என்ன, சிறுத்தையே வந்தாலும் யோசிக்கும். முன்பெல்லாம் தாய் விலங்குகள் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து அங்கே இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் சண்டை வரும். ஒருமுறை கீரியும் மரநாயும் கடித்துக்கொண்ட கடியில் முள்ளம்பன்றிக்குத் தூக்கமே போயிற்று. அப்போதுதான் நாரை இந்த முறையைக் கொண்டுவந்தது. குட்டி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது நாரை சொல்லும். முள்ளம்பன்றி வழிவிடும். நாரை சொல்லாமல் யாருக்கும் வழியில்லை.

நல்ல முறைதான். எத்தனையோ குட்டிகள் அதனால் பிழைத்தன. நாரைக்கும் காட்டில் பெரிய மதிப்பு. "என் கணக்கு ஒருநாளும் தப்பினதில்லை!" என்று அது அடிக்கடி சொல்லிக்கொள்ளும். அதுவும் உண்மைதான்.

அந்த ஆண்டு செவலை என்ற நாய் முதல்முறையாகச் சினையானது. குளத்தோரத்துக் காரைப் புதரில்தான் அதன் குடியிருப்பு. சினையான அன்றே அது நாரையிடம் ஓடியது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன ஆண்டு ஒரு முயல், யாரிடமும் சொல்லாமல் புல்வெளியில் ஈன்றது. அதன் குட்டிகளை நரி ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனதைச் செவலை கண்ணால் பார்த்திருந்தது.

"அண்ணே, என் குட்டிங்க ஒண்ணுகூட அந்த வாய்க்குப் போகக் கூடாது!"

"போகாது தங்கச்சி! அறுபது ஓடு சேரட்டும். வளைக்கு உன்னை நானே அனுப்பி வைக்கிறேன்" என்றது நாரை.

இருபது ஓடுகள் சேர்ந்தபோது அடைமழை பிடித்தது. எட்டு நாள் விடவில்லை. குளம் கரை தொட்டு நின்றது. நத்தைகள் அடியாழத்துக்குப் போய்விட்டன. நாரை ஒற்றைக் காலில் நின்று எட்டு நாளும் பட்டினி கிடந்தது. நத்தை இல்லை, அதனால் ஓடும் இல்லை. பாறையில் அது ஒன்றும் வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் வெயில் வந்தது. நத்தை அகப்பட்டது. நாரை சந்தோஷமாக இருபத்தோராவது ஓட்டைக் கொண்டுபோய் வைத்தது. நடுவில் எட்டு நாள் ஓடிப்போனதை அது நினைத்தே பார்க்கவில்லை. அதுவரை அது எண்ணியதெல்லாம் வெயில் காலத்துத் தாய்களுக்கு. மழையில் எண்ண நேர்ந்தது அதுவே முதல்முறை.

நாட்கள் போயின. செவலையின் வரிசையில் ஐம்பத்தைந்து ஓடுகள் சேர்ந்தன.

அன்று காலை செவலையின் முதுகில் உட்கார்ந்து மைனா உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. பாதி வேலையில் நிறுத்தியது.

"என்னக்கா, உடம்பு சில்லுனு இருக்கு? தினமும் உன் முதுகுல நின்னா என் கால் பொசுங்கும். இன்னிக்குத் தண்ணிக்குள்ள கிடந்த கல்லுல நிக்கிற மாதிரி இருக்கு!"

"தெரியலடி. வெயில்லதான் படுத்திருக்கேன். ஆனாலும் நடுங்குது."

"நேத்துப் பிடிச்ச எலியும் அப்படியே கிடக்கே?"

"பார்த்தாலே குமட்டுது. நீ வேணும்னா தின்னு."

"ஐயே! நான் என்ன காக்காயா?"

செவலை எழுந்தது. புதரடியில் முன்னங்கால்களால் பரபரவென்று மண்ணைத் தோண்டியது. சுற்றிச் சுற்றி வந்து படுத்தது. படுத்த மறுகணம் எழுந்து வேறு இடத்தில் தோண்டியது. விடிந்ததிலிருந்து இது நான்காவது குழி.

"புதையல் ஏதாவது தேடுறியாக்கா?"

"சிரிக்காதடி! எனக்கே புரியல. காலு தானாப் போகுது. ஒரு இடத்துல நிம்மதியாப் படுக்க முடியல." செவலை தயங்கியது. "மைனா, ஒருவேளை நேரம் வந்துருச்சோ?"

"வா, நாரை அண்ணனையே கேட்டுருவோம்!"

இரண்டும் பாறைக்குப் போயின. அங்கே நரி முன்னமே உட்கார்ந்து நாரையோடு பேசிக்கொண்டிருந்தது. செவலையைக் கண்டதும் பத்தடி தள்ளிப் போய், ஒன்றும் தெரியாததுபோல வாலைச் சுருட்டி உட்கார்ந்தது.

"அண்ணே, எனக்கு உடம்பு என்னவோ பண்ணுது. இன்னிக்கே வளைக்குப் போயிடட்டுமா?"

நாரை ஓடுகளை அலகால் தட்டித் தட்டி எண்ணியது. "ஐம்பத்து மூணு, ஐம்பத்து நாலு, ஐம்பத்தஞ்சு! குட்டி பிறக்க இன்னும் எட்டு நாள் இருக்கு தங்கச்சி. வளைக்குப் போகவே அஞ்சு நாள் இருக்கு."

"எதுவும் தின்னப் பிடிக்கல அண்ணே."

"வெயில் அப்படி அடிக்குது."

"நடுக்கமா இருக்கு."

"பயம்! முதல் பிரசவம் இல்லையா? மனசைத் திடமா வச்சுக்கோ."

நரி தொண்டையைச் செருமியது. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்! அவர் கணக்கு என்னிக்காவது தப்பியிருக்கா? ஒருத்தருக்காக முறையை மாத்தினா, நாளைக்கு ஊரே வந்து வரிசையில நிக்கும். என்னண்ணே?"

"பார்த்தியா, நரிக்குக்கூடப் புரியுது!" என்று நாரை கழுத்தை நிமிர்த்தியது.

செவலை திரும்பி நடந்தது. நடக்க நடக்க அதற்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. உடம்பு ஒன்று சொல்கிறது. பாறை வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? ஐம்பத்தைந்து ஓடுகள் வெயிலில் பளிச்சென்று கண்முன் இருக்கின்றன. உடம்பு சொல்வதற்கு எடுத்துக் காட்ட என்ன இருக்கிறது? நான்தான் கோழையாக இருக்கிறேன் போலும் என்று நினைத்துக்கொண்டது. அப்படி நினைத்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

மைனாவுக்கு வேறொன்று உறுத்தியது. நரி எதற்காக நாரையைப் புகழ்கிறது? வெயில் ஏறியபிறகும் ஏன் வேட்டைக்குப் போகவில்லை? மைனா ஒரு வேப்பங்கிளையில் உட்கார்ந்து பார்த்தது. நரி மெல்லச் செவலையின் பின்னாலேயே வந்தது. காரைப் புதருக்கு எதிரே, ஆவாரஞ்செடிகளின் மறைவில் வயிற்றை மண்ணில் பதித்துப் படுத்துக்கொண்டது.

மைனா ஒரு கிளையில், நரியின் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்தது.

"என்ன மாமா, இன்னிக்கு வேட்டை இல்லையா?"

"போகணும், போகணும். வெயில் தாழட்டும்."

"வெயில் இல்ல மாமா, வயசு! ஓட முடியல, ஒத்துக்கோங்க. அதான் எட்டு நாள் கழிச்சுப் பிறக்கப்போற குட்டிக்கு இன்னிக்கே வந்து படுத்துட்டீங்க. அதுவரைக்கும் உசுரோட இருப்பீங்களா?" மைனா வாய்விட்டுச் சிரித்தது. "நாரை அண்ணனுக்காவது எண்ணத் தெரியும். உங்களுக்கு எண்ணவும் தெரியாது, பார்க்கவும் தெரியாது!"

நரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்குடி பார்க்கத் தெரியாது? எட்டு நாளாம், எட்டு நாள்! வெயில் சாயறதுக்குள்ள முதல் குட்டி விழும். பார்க்கிறியா?"

"சும்மா அளக்காதீங்க மாமா!"

"அளக்கிறேனா? கேட்டுக்கோ! நேத்துலேருந்து அவ வாயில ஒண்ணும் வைக்கல. உடம்புச் சூடு இறங்கிருச்சு, அதான் வெயில்லயும் நடுங்குறா. முந்தாநாள் வரைக்கும் உருண்டையா இருந்த வயிறு இன்னிக்குக் கீழே இறங்கி, இடுப்புல ரெண்டு பக்கமும் குழி விழுந்திருக்கு. காம்புல பால் நிக்குது. நாலு இடத்துல மண்ணைக் கிளறிட்டா. அதோ பாரு! ஓடாமலே மூச்சு வாங்குறா. நிமிஷத்துக்கு ஒருதரம் வால் பக்கம் திரும்பிப் பார்த்து நக்கிக்கிறா. ஒண்ணொண்ணா எடுத்தா வெயில்னு சொல்லலாம், பயம்னு சொல்லலாம். எல்லாம் சேர்ந்தாப்ல வந்தா அதுக்குப் பேர் பிரசவம்! எனக்கு ஓடும் வேண்டாம், பாறையும் வேண்டாம். ரெண்டு கண்ணு போதும்!"

"அப்போ காலையில நாரை அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவர் எண்ணட்டும், நான் தின்னுக்கிறேன்!"

மைனா சிறகை விரித்தது. அப்போதுதான் நரிக்குத் தான் கொட்டியது உறைத்தது.

"ஏய், நில்லு! சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்!"

நிற்க மைனாவுக்கு நேரமில்லை. அது முதலில் வளைக்குப் பறந்தது.

"முள்ளம்பன்றி மாமா! எழுந்திருங்க! செவலையக்காவுக்கு வேளை வந்துருச்சு!"

உள்ளே இருளிலிருந்து தூக்கக் குரல் வந்தது. "நாரை சொல்லுச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா..."

"அது சொல்லட்டும், வரேன். போன தடவை முறை இல்லாம விட்டு நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

மைனா குளத்துக்குப் பறந்தது. நாரையிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னது. நாரை பொறுமையாகக் கேட்டது.

"இதையெல்லாம் யார் சொன்னது?"

"நரி."

"நல்லா இருக்கு! என் கணக்கைவிட நரி பேச்சு உனக்குப் பெருசாப் போச்சா?"

"நரி பேச்சை நம்ப வேண்டாம் அண்ணே. நரியோட பசியை நம்புங்க! ஒண்ணும் கிடைக்காத இடத்துல அது என்னிக்காவது படுத்துக் கிடந்திருக்கா?"

நாரை மறுபடியும் ஓடுகளைப் பார்த்தது.

"ஓட்டை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க! அக்காவை ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

அந்தக் கேள்வி நாரைக்குச் சுருக்கென்று தைத்தது. அது எந்தத் தாயையும் போய்ப் பார்த்ததில்லை. தாய்கள்தாம் பாறைக்கு வரும். இன்று காலை செவலை எதிரில் நின்று நடுங்கியபோதுகூட அது குனிந்து ஓடுகளைத்தான் பார்த்தது. செவலையின் முகம் எப்படி இருந்தது? நினைத்துப் பார்த்தது. நினைவுக்கு வரவில்லை.

"வரேன்" என்றது. "ஆனா ஒண்ணு, கணக்கு சரி."

"சரியாவே இருக்கட்டும்! முதல்ல வாங்க!"

காரைப் புதரடியில் செவலை பக்கவாட்டில் படுத்திருந்தது. நாரை தன் நீண்ட கழுத்தை வளைத்துக் குனிந்து பார்த்தது. இடுப்பில் குழி விழுந்திருந்தது. காம்பின் நுனியில் ஒரு சொட்டுப் பால் தெரிந்தது. வயிறு கல்லாக இறுகியது, பிறகு மெல்லத் தளர்ந்தது. மறுபடியும் இறுகியது.

செவலை தலையைத் தூக்கிக் கேட்டது. "அண்ணே, இதுவும் பயம்தானா?"

"இல்ல தங்கச்சி" என்றது நாரை. அதன் குரல் இறங்கியிருந்தது. "இது பயமில்ல."

கணக்கு எங்கே தப்பியது? இருபதிலா, முப்பதிலா? ஓடு உருண்டு குளத்தில் விழுந்துவிட்டதா? அதைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாமா என்று நாரை ஒரு கணம் தடுமாறியது. அந்த ஒரு கணத்துக்குள் செவலையின் உடம்பு மறுபடியும் முறுக்கிக்கொண்டது.

"மைனா! பற! முள்ளம்பன்றிகிட்டப் போய் நாள் வந்துருச்சுன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு!"

மைனா அம்புபோல் போயிற்று. "எழுந்திரு தங்கச்சி, வளை நூறடிதான். நான் பக்கத்துலயே வரேன்" என்றது நாரை.

செவலை எழுந்து நடந்தது. நாலடி நடக்கும், நிற்கும். மறுபடியும் நாலடி. பாதி வழியில், மறைவே இல்லாத வெட்டவெளியில், அதன் கால்கள் மடங்கின. அங்கேயே முதல் குட்டி விழுந்தது. மெல்லிய பைக்குள் சுருண்டு கிடந்தது. செவலைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது பையைப் பல்லால் கிழித்தது. குட்டியின் மூக்கை நக்கியது, மறுபடி மறுபடி நக்கியது. குட்டி "ஙீ" என்றது.

அந்தச் சத்தத்துக்குத்தான் நரி காத்திருந்தது. ஆவாரஞ்செடிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது.

செவலை பல்லைக் காட்டி உறுமியது. எழ முயன்றது. அடுத்த வலி அதைத் தரையோடு அழுத்தியது.

நாரை இரண்டு காலையும் அகட்டிக் குட்டிக்கு மேலே நின்றுகொண்டது.

"நகருங்கண்ணே!" என்று நரி இளித்தது. "உங்க கணக்குப்படி இன்னும் எட்டு நாள் இருக்கு. அப்போ இது குட்டியே இல்லையே? எனக்கும் உங்களுக்கும் என்ன தகராறு?"

"கணக்கு தப்பு!" என்று நாரை கத்தியது. வாழ்நாளில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னது. "கணக்கு தப்பு! குட்டி நிஜம்!"

நரி பாய்ந்தது. நாரை கண்ணை மூடவில்லை, பின்வாங்கவும் இல்லை. நரியின் மூக்கு எட்டும் தூரம் வரும்வரை பொறுத்து, அலகால் ஒரே கவ்வு கவ்வியது. நத்தையை விடாமல் இறுக்கும் அதே பிடி! நரி உதறியது. அங்கும் இங்கும் இழுத்தது. நாரையின் சிறகுகள் புழுதியில் புரண்டன. இறகுகள் பிய்ந்து பறந்தன. பிடி மட்டும் விடவில்லை.

"விடு! விடு!" என்று நரி மூக்கால் அலறியது.

அப்போது வளைப்பக்கமிருந்து சலசலவென்று ஒரு சத்தம் வந்தது. முள்கள் முழுவதையும் சிலிர்த்துக்கொண்டு முள்ளம்பன்றி வந்தது. வந்த வேகத்தில் திரும்பி, முதுகை முன்னால் காட்டிப் பின்னோக்கி ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. நரியின் பின்தொடையில் நான்கு முள்கள் ஏறின. நாரை அலகைத் திறந்தது. நரி எந்தத் திசை என்றுகூடப் பார்க்காமல் ஓடியது.

"தூக்கத்தைக் கெடுத்துட்டான்!" என்று முள்ளம்பன்றி முணுமுணுத்தது. பிறகு குட்டியைப் பார்த்தது. குரலைத் தணித்துக்கொண்டு, "வாம்மா, வளை பெருக்கி வச்சிருக்கு" என்றது.

செவலை குட்டியைக் கவ்விக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தது. பொழுது சாய்வதற்குள் வளைக்குள் இன்னும் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஆறும் பால் குடித்தன. முள்ளம்பன்றி வாசலில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. மைனா உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, ஒண்ணுகூட உன்னை மாதிரி செவப்பா இல்லையே!" என்றது. செவலை படுத்தபடியே வாலை ஆட்டியது.

மறுநாள் நாரை பாறையில் நின்று ஓடுகளை எண்ணியது. மறுபடியும் எண்ணியது. பின்னாலிருந்து முன்னால் எண்ணியது.

"தப்பு எங்கேன்னு கிடைச்சுதா அண்ணே?" என்று மைனா கேட்டது.

"இல்ல. ஐம்பத்தஞ்சு சரியா இருக்கு. என்னிக்குத் தப்பினேன்னு தெரியவே இல்ல." நாரை கடைசி ஓட்டை அலகால் ஒருமுறை தட்டியது. "தப்பு எங்கேன்னு தெரியாமலே நேத்து அவ உடம்பை நம்பினேன். நம்பாம இன்னும் கொஞ்ச நேரம் எண்ணிட்டு நின்னிருந்தா?"

மைனா வளைப்பக்கம் திரும்பிப் பார்த்தது.

நாரை ஓடு வைப்பதை விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து பாறையிலேயே நிற்பதை விட்டுவிட்டது. சில நாள் கழித்து ஒரு கீரி வந்து, "அண்ணே, நான் சினையாயிருக்கேன், ஓடு வைங்க" என்றது. நாரை விடுவிடுவென்று அதன் பக்கத்தில் வந்தது.

"சாப்பிட்டியா? எங்கே, திரும்பி நில்லு. இடுப்பைப் பார்ப்போம்."

"நேத்துதான் அண்ணே சினையானேன்!" என்று கீரி வெட்கப்பட்டது.

"பரவாயில்ல. நீ இப்போ எப்படி இருக்கேன்னு பார்த்து வச்சாத்தானே, மாறும்போது தெரியும்!"

நாட்களை எண்ணத் தெரிவது நல்லதுதான். ஆனால் தாயின் வேளையை அவள் உடம்புதான் சொல்லும், அதைப் பகைவன் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன் துணைநிற்பவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.